கூடையில் வரும் குட்டிச் சுறா: கடலூர், புதுச்சேரி கரையிலிருந்து ஒரு விவாத இழை

வாசகர் கேள்வி, 9 ஜனவரி 2025

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். சாண் அளவு, முழ அளவு குட்டிச் சுறா கூடை கூடையா ஏலம் போகுது. சுறா பிடிக்கிறதே குற்றம்னு எங்கேயோ படிச்சிருக்கேன். ஆனா அங்க யாரும் எதுவும் கேக்கல. அப்ப சட்டம் இருக்கா இல்லையா? வீட்ல சுறா புட்டு செஞ்சு சாப்பிடுற நாமளும் குற்றவாளியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

10 ஜனவரி 2025

எல்லாச் சுறாவும் தடை இல்லை தம்பி. 2001-ல் ஒரு தடவை அப்படி நடந்தது. அந்த வருசம் ஜூலையில் சுறா, திருக்கை, உளுவை (சுறா மாதிரி உடம்பு வைத்த திருக்கை வகை) என்று மொத்தக் கூட்டத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். மீன்பிடிப்பவர்கள் எதிர்த்தார்கள். டிசம்பருக்குள் பட்டியல் 10 இனங்களாகச் சுருங்கிவிட்டது. திமிங்கலச் சுறா, ரம்ப மூக்கு வைத்த வேளா வகைகள், கங்கைச் சுறா, பெரிய உளுவை, முதுகெல்லாம் முள் வைத்த ஒரு திருக்கை, இப்படி. அதில் நம் புதுச்சேரிக்காரரும் உண்டு, புதுச்சேரிச் சுறா என்றே பெயர், அதைத் தனியாக எழுதுகிறேன். 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இன்னும் பல இனங்கள் பட்டியலுக்குள் வந்துவிட்டன. முதல் அட்டவணையில் உள்ளதைப் பிடித்தால் 3 முதல் 7 வருசம் வரை சிறை.

நீங்கள் கூடையில் பார்த்தது பெரும்பாலும் பால் சுறாவாக இருக்கும். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, கூர் மூக்கு, துடுப்பில் சொல்லும்படி அடையாளம் எதுவும் இருக்காது. அது அட்டவணையில் இல்லை. விற்கலாம், வாங்கலாம், சாப்பிடலாம். ஏலக்காரரும் குற்றவாளி இல்லை, நீங்களும் இல்லை.

சட்டம் விட்டுவைத்திருக்கிறது என்பதால் அந்த மீன் கடலில் நிறைய இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பால் சுறாவையும் அழிவாய்ப்புள்ள இனங்களோடு சேர்த்துவிட்டது. அட்டவணைக்கு வெளியே இருக்கிற மீன் அட்டவணையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. என் கவலை முழுக்க அதுதான்.

10 ஜனவரி 2025, இரவு

துடுப்பு வியாபாரம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். கடலில் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலை வீசுவதற்கு 2013 ஆகஸ்டில் தடை வந்தது. சுறாவை முழுசாகத்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். துடுப்பு ஏற்றுமதி 2015 பிப்ரவரியில் மொத்தமாக நிறுத்தப்பட்டது. சூப்புக்கு வெளிநாடு போவதுதான் சுறாவின் ஒரே பிரச்சினை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் கரையில் இறங்கும் குட்டிச் சுறாவைத் தின்பது நாம்தான். கறிக்குத்தான் அது விலை போகிறது.

13 ஜனவரி 2025

புட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதை ஒதுக்கிவிட்டு நம் ஊரில் சுறாவைப் பற்றிப் பேச முடியாது.

நான் தேவனாம்பட்டினத்தில் பிறந்தவள். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தேன். கல்யாணமாகிப் புதுச்சேரிக்கு வந்தேன். பெரியவன் பிறந்தபோது அத்தை விடியற்காலையில் கரைக்குப் போய்ப் பால் சுறா வாங்கிவருவார். துண்டு போட்டு மஞ்சள் தூளோடு வேகவைப்பார். ஆறியதும் தோலைக் கட்டைவிரலால் தள்ளினால், மணல் ஒட்டின மாதிரி சுரசுரப்பாக உரிந்து வரும். நடுமுள்ளை எடுத்துப்போட்டு, சதையை உதிர்த்து, ஒட்டப் பிழிவார். பிழியாவிட்டால் கவிச்சை போகாது. சுறா உடம்பில் யூரியா உண்டு. செத்த பிறகு அது அம்மோனியாவாக மாறி மூக்கில் ஏறும். அதனால்தான் புட்டுக்குச் சுறா அன்றைய மீனாகவே இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் அடம்பிடிப்பார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, கறிவேப்பிலை போட்டு வதக்கி, பிள்ளை பெற்றவளுக்கு முதல் தட்டு. பால் நன்றாக ஊறும் என்பது நம்பிக்கை. நானும் சாப்பிட்டேன், ஆசையாகத்தான் சாப்பிட்டேன். அத்தை கையால் அதை வாங்கிச் சாப்பிட்டதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. அதை யாராவது கேலியாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் பாலூட்டும் தாய்க்கு ஒரு தகவல் தெரிந்திருக்க வேண்டும். சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்வது, நிறைய வருசம் உயிரோடு இருப்பது. அதனால் பாதரசம் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். பெரிய சுறா என்றால் அதிகம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் சின்னப் பிள்ளைகளும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவை வைத்திருக்கிறது. சின்னப் பால் சுறாவில் பெரிய சுறா அளவுக்கு இருக்காதுதான். இருந்தாலும் எந்த வீட்டிலும் மீனின் வயசைக் கேட்டு வாங்குவதில்லையே.

இளையவள் பிறந்தபோது அத்தையிடம் கோலா மீனில் புட்டு செய்யச் சொன்னேன். கோலா காலத்தில் நாகை, காரைக்கால் பக்கம் அது வழக்கம்தான். முள் எடுக்க நேரமாகும், அது ஒன்றுதான் வித்தியாசம். அத்தை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ருசி பார்த்துவிட்டு, "இதுக்குப் பூண்டு கொஞ்சம் கூடப் போடணும்" என்றார். அவ்வளவுதான், அந்த வீட்டில் விவாதம் முடிந்தது.

14 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்து சொன்ன எல்லாருக்கும் நன்றி. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இறங்கிக் குளித்தால் சுறா கடிக்குமா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். சுறாவுக்குப் பயப்பட வேண்டாம், நீரோட்டத்துக்குப் பயப்படுங்கள். அந்தக் கரையில் உயிர் போகிறதென்றால் அலையும் இழுப்பும்தான் காரணம். குளிக்காதீர்கள் என்று போர்டு வைத்த இடத்தில் தயவுசெய்து இறங்காதீர்கள்.

21 ஜனவரி 2025

"கடல்ல மீன் குறையுறதும் கூடுறதும் சகஜம், சுறாவும் திரும்ப வரும்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். மத்தி, கவலை, நெத்திலிக்கு அது பொருந்தும். அவை ஆயிரக்கணக்கில் முட்டை போடும், ஒரு வருசத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும். சுறா, திருக்கை கதை வேறு. பால் சுறா ஏறத்தாழ ஒரு வருசம் சுமந்து, போடுவது ஒன்றிலிருந்து எட்டுக் குட்டி வரை. கொம்புத் திருக்கை ஈற்றுக்கு ஒரே குட்டி, அதற்கும் ஒரு வருசச் சினை. மத்தி வலையில் மத்தி விழுவதும், பிள்ளைத்தாய்ச்சித் திருக்கை விழுவதும் கடலுக்கு ஒன்று அல்ல.

சமீபத்தில் ஏலத்திடலில் ஒரு புள்ளித் திருக்கையைச் சிமெண்ட் தரையில் இறக்கினார்கள். வாலை முள்ளோடு முன்பே வெட்டியிருந்தார்கள். வயிறு உப்பி, அடிப்பக்கத்து வெள்ளையில் அங்கங்கே ரத்தம் கட்டியிருந்தது. எடை போடத் தூக்கும்போது ஒரு குட்டி வழுக்கி வெளியே விழுந்தது. இரண்டு இறக்கையும் உள்பக்கமாகச் சுருண்டு, சுருட்டிவைத்த பாய் மாதிரி இருந்தது. தரையில் பட்டதும் மெல்ல விரிந்தது. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. வால் மட்டும் உடம்பைவிட இரண்டு பங்கு நீளம். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற துளை திறந்து மூடிக்கொண்டே இருந்தது. திருக்கை அதன் வழியாகத்தான் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, குட்டியை அள்ளி வாளித் தண்ணீரில் விட்டார். அது போர் தண்ணீர். கடல் குட்டிக்கு அது ஆகாது, நான் சொல்வதற்குள் அடங்கிவிட்டது.

அந்த அக்காவுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஆனாலும் அந்தக் குட்டியைப் பார்த்ததும் கை தானாகப் போனது. மீன்பிடிக்கிற ஊருக்கு இரக்கம் கிடையாது என்று நகரத்தில் பேசுகிறவர்கள் ஒரு நாள் விடியற்காலையில் அங்கே வந்து நிற்க வேண்டும்.

இன்னொன்று. வலையில் மாட்டித் தவிக்கும்போது சினைத் திருக்கை குட்டியை முன்கூட்டியே தள்ளிவிடும். சுறாக்களிலும் இது உண்டு. அதனால் பெரிய மீனை உயிரோடு கடலில் விட்டால்கூட அந்த வருசக் குட்டி போயிருக்கலாம். திருக்கைத் தாய் வயிற்றுக்குள் பால் மாதிரி ஒரு திரவம் சுரந்து குட்டிக்கு ஊட்டுகிறது. புட்டைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

22 ஜனவரி 2025

சுறா எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்டவருக்கு: கரையை விட்டு விலகித் திறந்த கடலில் வாழும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970-க்குப் பிறகு சுமார் 71 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2021-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அதே வருசம் வெளிவந்த மதிப்பீட்டில் உலகத்திலுள்ள சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது. முதல் காரணம் அளவுக்கு மீறிப் பிடிப்பது. இந்தியா சுறாவை அதிகமாகப் பிடிக்கிற நாடுகளின் முன்வரிசையில் இருக்கிறது.

2 பிப்ரவரி 2025

இழை ஆமைப் பக்கம் போய்விட்டது. போகட்டும், அதுவும் இதே கடல்தான்.

இந்த ஜனவரியில் தமிழ்நாட்டுக் கரையில், அதிகமாகச் சென்னைப் பக்கம், ஆயிரத்துக்கும் மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. தாழங்குடா பக்கம் நானும் பார்த்தேன். கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தது. மூச்சு முட்டிச் செத்த ஆமை அப்படித்தான் இருக்கும். ஆமை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய பிராணி. இழுவலைக்குள் மணிக்கணக்கில் சிக்கினால் பிழைக்காது. அதற்கென்று வலைக்குள் பொருத்துகிற கம்பிச் சட்டம் இருக்கிறது. இறால் கம்பி இடுக்கில் புகுந்து பின்னால் போய்விடும், ஆமை கம்பியில் முட்டி மேல் திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற மாதிரி அதை வடிவமைத்திருக்கிறது. பெரிய திருக்கைகளும் அதே திறப்பில் தப்பிக்கும் என்பதால்தான் இந்த இழையில் இதைச் சொல்கிறேன்.

"மாட்டினா இறாலும் சேர்ந்து ஓடிடுது" என்று விசைப்படகு வைத்திருக்கிற உறவுக்காரர் சொல்கிறார். கொஞ்சம் போகும், உண்மைதான். அந்தக் கொஞ்சத்தை யார் ஈடுகட்டுவது என்று பேசாமல் சட்டத்தை மட்டும் நீட்டினால், அந்தக் கம்பிச் சட்டம் கரையில் ஆய்வு நடக்கும்போது வலையில் இருக்கும், கடலில் படகின் மூலையில் கிடக்கும்.

5 பிப்ரவரி 2025

புதுச்சேரிச் சுறா. தனியாக எழுதுகிறேன் என்றேன் இல்லையா.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்குப் போன ஒரு சின்னச் சுறாவை வைத்து, 1839-ல் முல்லர், ஹென்லே என்ற இரண்டு ஜெர்மன் அறிஞர்கள் இந்த இனத்தை விவரித்தார்கள். பிற்பாடு இந்தியாவிலிருந்து நியூ கினி வரை அங்கங்கே கிடைத்தது. உலகத்து அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 20 மாதிரிகூட இல்லை. உறுதியாகப் பதிவானது கடைசியாக 1979-ல். அதற்குப் பிறகு நிச்சயமான தடயம் எதுவும் இல்லை. மிக அருகிய இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள், அழிந்திருக்கலாம் என்ற குறிப்போடு. 2001-ல் பட்டியல் 10 ஆகச் சுருங்கியபோதும் இது உள்ளேயே இருந்தது.

கூடிப்போனால் ஒரு மீட்டர் வளரும். பருத்த உடம்பு, நீண்ட மூக்கு. மார்புத் துடுப்பு, இரண்டாவது முதுகுத் துடுப்பு, வாலின் கீழ்மடல் மூன்றின் நுனியும் கறுப்பு. சிக்கல் என்னவென்றால், நம் கரையில் சாதாரணமாக வருகிற வேறொரு சுறாவுக்கும் இதே இடங்களில் கறுப்பு இருக்கும். ஏலத்தில் நாலு நிமிஷம் கிடந்து வெட்டுக்குப் போகிற மீனில் யார் பல்லையும் மூக்கையும் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்? ஒருவேளை அது இன்னும் இருந்து, தேங்காய்த்திட்டிலோ வீராம்பட்டினத்திலோ முதுநகரிலோ கரைக்கு வந்து, சுறா என்ற ஒரே பெயரில் கூடையோடு போயிருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான்.

புதுச்சேரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நம் கடலில் இப்படி ஒன்று இருந்தது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. என் பிள்ளைகளுக்கு நான் சொன்னேன். பெரியவன் கரைக்குப் போனால் இப்போது முதலில் துடுப்பு நுனியைத்தான் பார்க்கிறான்.

6 பிப்ரவரி 2025

"இல்லாததைத் தேடி என்ன பிரயோசனம்?" என்று கேட்டவருக்கு. தேடுகிற கண்ணுக்குத்தான் இருப்பதும் தெரியும். புதுச்சேரிச் சுறாவைத் தேடிப் படம் எடுக்கிறவர் கூடவே கொம்பன் சுறாக் (சுத்தியல் மாதிரித் தலை வைத்தது) குட்டி எத்தனை வருகிறது, எந்த மாசத்தில் வருகிறது என்பதையும் எடுத்துவிடுவார். இன்றைக்குத் தேவைப்படுவது அந்தக் கணக்குத்தான்.

17 பிப்ரவரி 2025

சுறா குறைந்தது யார் குற்றம் என்று மூன்று நாளாகச் சண்டை ஓடுகிறது. சுருக்குமடி (மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி இழுக்கிற பெரிய வலை) ஆதரவு ஒரு பக்கம், எதிர்ப்பு ஒரு பக்கம். கடலூர் மாவட்டத்தில் இந்தச் சண்டை ஊருக்கு ஊர், பங்காளிக்குப் பங்காளி என்று போய்விட்ட விஷயம், வார்த்தையைப் பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு 2000-லேயே சுருக்குமடியைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. இதுதான் நிலவரம்.

சுறா, திருக்கையைப் பொறுத்தவரை எந்த வலை எதைப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அடிமட்டத்தை வழித்துக்கொண்டு வரும் இழுவலையில் திருக்கையும் உளுவையும் வரும். கரையோரம் போடுகிற செவுள் வலையில் சுறாக் குட்டி வரும், கொம்பன் குட்டி அதிலும் சீக்கிரம் மாட்டும், தலை அப்படி. வெளியே போய்ப் போடுகிற ஆயிரங்கால் தூண்டிலில் பெரிய சுறா. ஆக விசைப்படகுக்காரரும் ஃபைபர் போட்காரரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்துப் பயனில்லை. என் அப்பா ஃபைபர் போட்காரர்தான். அவர் வலையிலும் குட்டி வந்திருக்கிறது.

சுறாக் குட்டி ஆழத்தில் வளர்வதில்லை. கரையோர ஆழமில்லாத இடமும், ஆற்று வாய்ப் பக்கமும்தான் பல இனங்களுக்குத் தொட்டில். கெடிலம், பெண்ணையாறு, உப்பனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று எத்தனை ஆறு நம் கரையில் வந்து விழுகிறது. அந்த வாய்களில்தான் வலை நெருக்கம். ஆலைக்கழிவும் அந்த வழியாகவே வருகிறது. குட்டி இந்த இரண்டையும் தாண்டித்தான் வளர வேண்டும்.

14 மார்ச் 2025

மாசி மகம் முடிந்து இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. தீர்த்தவாரிக்குச் சாமிகள் எல்லாம் கரைக்கு வந்து நின்றபோது அப்பாவிடம் வேளா பற்றிக் கேட்டேன்.

வேளா என்றால் மூக்கு நீண்டு, இரண்டு பக்கமும் பல் வைத்து, ரம்பம் போல இருக்கும் மீன். உருவத்தில் சுறா, உண்மையில் திருக்கைக் கூட்டம். அப்பா சின்ன வயசில் கடலில் பார்த்திருக்கிறார். "வலையில வேளா வுழுந்துச்சுன்னா அன்னிக்கு வலை காலி, சுத்திச் சுத்தி அறுத்துப்புடும்" என்றார். அதனால் மூக்கை வெட்டிவிட்டுத்தான் வலையைப் பிரிப்பார்களாம். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டு நிலைப்படிக்கு மேல் அந்த மூக்கு மாட்டியிருந்ததாகச் சொன்னார். என் வயசில் ஒருவரும் உயிரோடு வேளா பார்த்ததில்லை. நான் படித்த இடத்தில் காய்ந்த மூக்கைத் தொட்டதோடு சரி. மண்ணுக்குள் இருக்கிற இரையின் மின்துடிப்பை அந்த மூக்கால்தான் அது உணரும். மூக்கை வெட்டிக் கடலில் விட்டால் இரை தேட வழியில்லாமல் போகும்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், சினைச்சுறவின் கோட்டை நட்டு வழிபட்டதாக வருகிறது. அந்தக் கோடு வேளாவின் மூக்குத்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கும் அப்படித்தான் படுகிறது. சாமியாக நட்டுவைக்கும் அளவுக்கு நம் கரையில் இருந்த மீன். இன்று வேளா வகைகள் ஐந்துமே மிக அருகியவை, உலக வணிகத்தில் தடை செய்யப்பட்டவை. வீட்டில் பழைய மூக்கு இருந்தால் தயவுசெய்து விற்கக் கிளம்பாதீர்கள், அது குற்றம்.

16 ஏப்ரல் 2025

நேற்றிலிருந்து தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகெல்லாம் கட்டியாகிவிட்டது. இரண்டு மாசம் கடலுக்கு ஓய்வு கிடைக்கிறதே, சுறாவுக்கும் இது போதாதா என்று கேட்கிறார்கள். கொஞ்சம் உதவும், போதாது. ஏறத்தாழ ஒரு வருசம் சுமக்கிற மீனுக்கு இரண்டு மாசத் தடை எப்படிப் போதும்? ஃபைபர் படகும் கட்டுமரமும் இந்த 61 நாளும் கரையோரம் போகலாம், குட்டி இருப்பதும் அங்கேதான். சிறு படகையும் நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன், அந்த இரண்டு மாசம் அடுப்பு எரிவதே அதில்தான். ஆற்று வாய்ப் பக்கம், குட்டி அதிகம் வருகிற சில வாரங்களில், குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வலை போடாமல் இருக்க ஊர்ப் பஞ்சாயத்து முடிவெடுத்தால் நடக்கும். எங்கள் பக்கம் பஞ்சாயத்து சொன்னால் அதிகாரி சொல்வதைவிட எடுபடும். எந்த வாரங்கள் என்று சொல்லத்தான், எந்த மாசத்தில் எத்தனை குட்டி வருகிறது என்ற அந்தக் கணக்கு மறுபடியும் வேண்டும்.

11 மே 2025

குஜராத்தில் திமிங்கலச் சுறா வேட்டை எப்படி நின்றது என்று கேட்ட அண்ணனுக்கு நீளமாகச் சொல்லலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். சௌராஷ்டிராக் கரையில் திமிங்கலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகவும் கறிக்காகவும் வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். 2001-ல் தடை வந்தது. 2004-ல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை அங்கே ஊர் ஊராகப் பிரசாரம் தொடங்கியது. மொராரி பாபு என்ற கதாகாலட்சேபக்காரர், பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மகளைக் கொல்வீர்களா என்று கேட்டார். வேட்டையாடிய கைகளே வலையை அறுத்து விட ஆரம்பித்தன. அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது. இதுவரை நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் உயிரோடு திரும்பியிருக்கின்றன.

எல்லாரும் மகள் கதையைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். வலைக்குப் பணம் கொடுத்ததும் அதே அளவுக்கு முக்கியம். நைலான் வலை ஒன்று போனால் ஒரு குடும்பம் கடனில் விழும்.

12 மே 2025

நேற்று எழுதியதை ராத்திரி முழுக்க யோசித்தேன். திமிங்கலச் சுறாவுக்குச் சரி, பஸ் நீளத்துக்கு இருக்கும், எப்போதோ ஒன்று மாட்டும், வலையை அறுத்தால் கணக்குக் காட்டலாம். பாக் விரிகுடாவில் 2022-ல் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் வந்தது, கடற்பசுவை விட்டவர்களுக்கு ஊக்கத்தொகை கிடைக்கிறது, அதுவும் சரி. கூடையில் வருகிற பால் சுறாவுக்கு அந்த வழி ஓடாது. ஒவ்வொரு குட்டிக்கும் எந்த அரசும் காசு தர முடியாது. அங்கே வேண்டியது குறைந்தபட்ச அளவு. இத்தனை சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் ஏலத்தில் ஏறாது என்று ஒரு வரம்பு. கேரளம் 58 மீன், இறால் வகைகளுக்கு இப்படி அளவு வைத்திருக்கிறது. நம் பக்கம் முதலில் வாங்குகிறவர்கள் தொடங்கலாம். முழத்துக்குக் குறைந்த சுறாவை நான் வாங்குவதில்லை. மீன்கார அக்கா காரணம் கேட்டார், சொன்னேன். இப்போது என்னைப் பார்த்தாலே குட்டிக் கூடையைப் பின்னால் தள்ளிவிட்டு, "ஒனக்குக் கெழங்கான் இருக்கு, வா" என்கிறார்.

13 ஜூன் 2025

நாளை நள்ளிரவு படகுகள் கிளம்புகின்றன. கடலுக்குப் போகிறவர்கள், ஏலத்திடலில் நிற்கிறவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

உயிரோடு விட நினைத்தால் எது பிழைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். திருக்கையும் உளுவையும் கெட்டி உயிர், மேலே வந்தும் கொஞ்ச நேரம் தாங்கும். வாலை வெட்டாமல், முள்ளில் கை படாமல், இறக்கையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துச் சரித்து விடுங்கள். செவுளிலும் கண்ணுக்குப் பின்னால் உள்ள துளையிலும் விரல் விடாதீர்கள், கொக்கி போடாதீர்கள். சுறாவை வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் உள்ளுறுப்புகள் தாறுமாறாகிவிடும். வயிற்றுக்கு அடியில் கை கொடுங்கள். கொம்பன் சீக்கிரம் செத்துவிடும், உயிரோடு வந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், கரைவரை காத்திருக்கக் கூடாது. திமிங்கலச் சுறா வலையில் வந்தால் மேலே இழுக்க முயலாமல் வலையை அறுங்கள், செல்போனில் ஒரு வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், பிறகு இழப்பீடு கேட்க அதுதான் சாட்சி.

ஏலத்திடலில் நிற்கிறவர்கள், கறுப்பு நுனி வைத்த சின்னச் சுறா எதைப் பார்த்தாலும் மூன்று படம் எடுங்கள். பக்கவாட்டில் முழு உடம்பு, தலை அடிப்பக்கம் வாய் தெரிகிற மாதிரி, இரண்டு முதுகுத் துடுப்பும் வரும்படி மேலிருந்து ஒன்று. பக்கத்தில் அளவுக்கு ஒரு தீப்பெட்டி வையுங்கள். எந்தத் துறை, எந்த வலை, எத்தனை பாகத் தண்ணீரில் (பாகம் என்றால் சுமார் ஆறடி ஆழம்) பட்டது என்று படகுக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். படகு எண்ணும் ஆள் பெயரும் வேண்டாம், யாரையும் மாட்டிவிட இது இல்லை. இங்கேயே போடுங்கள். இனம் பிரிக்கத் தெரிந்த நண்பர்கள் பரங்கிப்பேட்டையில் இருக்கிறார்கள், நானும் அவர்களும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துப் பதில் போடுகிறோம். வீராம்பட்டினம், நல்லவாடு, முடசலோடை பக்கம் இன்னும் யாரும் கை தூக்கவில்லை. அங்கே காலையில் கரைக்குப் போகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.